குதிரை தொடாத புல்

லூயிஸ், கிளார்க் பயணக் குறிப்புகளைக் கொஞ்ச காலமாக விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் அதை முழுசாக இணையத்தில் ஏற்றி, தேதிவாரியாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மென்பொருள் ஆளுக்கு அது ஒரு பெரிய லாக் ஃபைல் மாதிரிதான். தேதி இருக்கும், இடம் இருக்கும், என்ன உடைந்தது என்று இருக்கும். அதில் ஒரே ஒரு செடியின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

செடியின் பெயர் பேர்கிராஸ். கரடிப்புல் என்றே இங்கே சொல்லிக்கொள்கிறேன். அறிவியல் பெயர் ஸீரோஃபில்லம் டேனக்ஸ். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'உலர்ந்த இலை', இரண்டாவதுக்கு லத்தீனில் 'பிடித்தால் விடாத உறுதி'. பெயர் வைத்தவர்கள் பூவைப் பார்த்து வைக்கவில்லை, இலையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது புல் இனமே இல்லை. ரொம்ப நாளாக அல்லிக் குடும்பத்தில் போட்டிருந்தார்கள், இப்போது மெலந்தியேசி என்ற குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தெற்குப் பகுதியிலிருந்து கலிஃபோர்னியா வரைக்கும், கிழக்கே மொன்டானா, ஐடஹோ, வயோமிங் வரைக்கும் மலைக்காடுகளில் பரவிக்கிடக்கிறது. தரையோடு தரையாகக் கம்பி மாதிரி நீளமான இலைகள் கொத்தாக இருக்கும். பனிக்காலத்திலும் பச்சை மாறாது. இலையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி ரம்பப் பற்கள். அந்தக் கொத்தின் நடுவிலிருந்து ஓர் ஆள் மார்பு உயரத்துக்கு, சில சமயம் அதற்கும் மேலே ஒரு தண்டு எழும்பி, அதன் உச்சியில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கீழிருந்து மேலாக விரியும். நல்ல வருஷத்தில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலைச்சரிவு முழுக்க வெள்ளை தீப்பந்தம் நட்ட மாதிரி இருக்கும்.

உடனே நம்மூர் ஆட்கள் "குறிஞ்சி மாதிரியா?" என்று கேட்பார்கள். பாதிதான். குறிஞ்சி ஒரு வட்டாரத்தில் ஒன்றாகப் பூத்து, விதை போட்டு, மொத்தமாகச் செத்துப்போகும். கரடிப்புல்லில் பூத்த கொத்து மட்டும் சாகும், பக்கத்தில் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டிலிருந்து வேறு கொத்துகள் தொடரும். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்று அங்கேயும் ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் குறிஞ்சிக்கு இருப்பது போலக் கறாரான கணக்கு கிடையாது.

இனி குறிப்புகளுக்கு வருவோம். 1806 ஜனவரி 17. லூயிஸ் குழு பசிபிக் கரையில், கொலம்பியா ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கிளாட்சாப் கோட்டை என்று ஒரு மரக்கோட்டை கட்டி, விடாத மழையில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு லூயிஸ் எழுதுவது பக்கத்து ஊர் மக்களின் கூடைகளைப் பற்றி. தேவதாரு வகை மரப்பட்டையும் கரடிப்புல்லும் சேர்த்து விரலாலேயே நெருக்கமாகப் பின்னுகிறார்கள், பிசின் எதுவும் பூசாமலே தண்ணீர் ஒழுகாது என்கிறார். இந்த இலை பனி இருக்கும் உயரமான மலைகளில்தான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, நீளம் 2 அடி என்று அளவு வரை குறித்திருக்கிறார். வெயில் படாமல் வெளுத்து இருக்கும் இளம் இலைகளைத்தான் நேர்த்தியான வேலைக்கு எடுக்கிறார்களாம். அதாவது அவர் அந்தச் செடியை முதலில் ஒரு பொருளாக, பண்டமாற்றுச் சரக்காக அறிந்துகொள்கிறார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஐந்து மாசம் கழித்துத் திரும்பும் பயணம். ராக்கி மலைகளின் பிட்டர்ரூட் தொடரைத் தாண்ட வேண்டும். ஜூன் 15-ஆம் தேதியிட்டு ஒரு கரடிப்புல் மாதிரி பறித்து அழுத்தி வைக்கிறார். இலையைக் கொண்டு இந்த மண்ணின் மக்கள் கூடை செய்கிறார்கள் என்ற குறிப்பும் அந்தத் தாளோடு போகிறது. இரண்டு நாளில், ஜூன் 17 அன்று, பனி ஆள் உயரத்தைத் தாண்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் குழு திரும்பி இறங்கிவிடுகிறது. மொத்தப் பயணத்திலும் அவர்கள் இப்படிப் பின்வாங்கியது ரொம்ப அபூர்வம். வழிகாட்ட நெஸ் பெர்ஸ் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஜூன் 24 மறுபடி ஏறுகிறார்கள்.

இங்கே அடுத்தடுத்து இரண்டு நாள் குறிப்புகள் இருக்கின்றன. ஜூன் 25 அன்று, முந்தைய மாலை வழிகாட்டிகள் ஃபிர் மரங்களுக்குத் தீ வைத்து வேடிக்கை காட்டியதை எழுதுகிறார். அடிக்கிளைகள் காய்ந்து கிடக்கும் மரம், தீ வைத்ததும் அடியிலிருந்து உச்சிக்கு ஒரே பாய்ச்சலில் ஏறுகிறது, வாணவேடிக்கை மாதிரி இருந்தது என்கிறார். பயணத்துக்கு நல்ல வானிலை வர வேண்டும் என்பதற்காக அவர்கள் அப்படிச் செய்கிறார்களாம். ஜூன் 26 அன்று, இந்த மலைகள் முழுக்கக் கரடிப்புல் கொழித்துக்கிடக்கிறது, குளிர்காலம் பூராவும் பச்சையாகவே இருக்கிறது, ஆனால் குதிரைகள் வாயில் வைப்பதில்லை என்று எழுதுகிறார். பனியில் மேய்ச்சலே இல்லாமல் குதிரைகள் பட்டினி கிடக்கும்போது எதிரே இத்தனை பச்சை! அந்த ஆதங்கம் வரியில் தெரிகிறது.

ஒரு நாள் தீ, மறுநாள் புல். இரண்டையும் லூயிஸ் சேர்த்துப் பார்க்கவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மலையேறும் அவசரத்தில் இருந்தார். ஆனால் அதற்குப் பின்னால் வந்த நூறு, நூற்றைம்பது வருஷத்தில் அந்தக் காடுகளை நிர்வகித்தவர்களும் சேர்த்துப் பார்க்கவில்லை. என்னை இந்தச் செடியோடு கட்டிப்போட்டது அதுதான்.

பெயர்க்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மாதிரிகளை லூயிஸ் கொடுத்தது ஃபிரெடெரிக் புர்ஷ் என்ற ஜெர்மன் தாவரவியலாளரிடம். 1809-ல் லூயிஸ் இறந்துபோனார். புர்ஷ் லண்டனுக்குப் போய் வட அமெரிக்கத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அட்டையில் 1814 என்று இருந்தாலும் அது 1813 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதில் இதற்கு ஹெலோனியாஸ் டேனக்ஸ் என்று பெயர். 1818-ல் தாமஸ் நட்டால் ஸீரோஃபில்லத்துக்கு மாற்றினார். 'கரடி' எப்படி வந்தது? வசந்த காலத்தில் கரடி இதன் குருத்தைத் தின்னும் என்று ஒரு கதை சொல்கிறார்கள். லூயிஸ் காலத்தில் யக்கா செடியையும் பேர்கிராஸ் என்று சொல்வது வழக்கம், இலையின் சாயலைப் பார்த்து அந்தப் பெயரையே இதற்கும் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஏற்கெனவே இருந்த வேரியபிள் பெயரை வேறு இடத்தில் மறுபடி பயன்படுத்திய கதை. அதன் தொந்தரவு எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

சரி, தீக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில் கிளமத் ஆறு ஓடுகிறது. அந்தக் கரையில் கரூக், யுரோக், ஹூப்பா மக்கள் இருக்கிறார்கள். கூடை பின்னுவதில் உலகத்திலேயே பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய கூடைக்கு நிற்கிற குச்சி ஹேசல் என்ற புதரிலிருந்து வருகிறது. குறுக்கே பின்னுவது ஊசியிலை மரங்களின் வேரைக் கிழித்து எடுத்த இழை. மேலே தெரியும் கோலம்தான் அழகு. கறுப்புக்கு ஒரு பெரணியின் தண்டு, சிவப்புக்கு ஆல்டர் மரப்பட்டையில் சாயம் தோய்த்த இன்னொரு பெரணியின் நார், வெள்ளைக்குக் கரடிப்புல். குழந்தையைச் சுமக்கும் தொட்டில், பெண்கள் சடங்கில் அணியும் தொப்பி, ஓக் கொட்டை மாவில் கூழ் காய்ச்சும் பாத்திரம், எல்லாமே கூடைதான். கூழை எப்படிக் காய்ச்சுவது? கூடையில் தண்ணீரும் மாவும் ஊற்றி, சுட்ட கல்லைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். நம்மூர் முடைச்சலில் பனையோலை, பிரம்பு, கோரை பார்த்தவர்களுக்குத் தெரியும், பொருள் சரியில்லை என்றால் கைக்கு எத்தனை பழக்கம் இருந்தும் பிரயோஜனமில்லை.

அந்தப் பொருள் காட்டில் சும்மா விளைவதில்லை. வருஷக்கணக்காக அப்படியே கிடக்கும் கரடிப்புல் கொத்தில் பழைய இலைகள் காய்ந்து மண்டி, புது இலை முரட்டுத்தனமாக, எளிதில் ஒடிவதாக வரும். மெல்லிய தீ ஒன்று மேலாகப் போய்விட்டால் குப்பை எரிந்துபோகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத் தண்டு தப்பித்துக்கொள்ளும். அடுத்து வரும் இலை மெலிதாக, வளைந்து கொடுப்பதாக, உறுதியாக இருக்கும். பின்னுகிற பெண்கள் தீ போன இடத்துக்கு மறு வருஷம் போய், கொத்தின் நடுவில் இருக்கும் இலைகளை மட்டும் உருவி எடுப்பார்கள். வெயிலில் காய வைத்தால் தந்த நிறம் வந்துவிடும். ஹேசலும் அப்படித்தான். எரிந்த புதரிலிருந்து கிளை பிரியாமல் நேராக எழும் குச்சிதான் கூடைக்கு ஆகும். ஆக ஒரு கூடை என்றால் அதற்குப் பின்னால் முந்தின வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று யாரோ திட்டம் போட்டு வைத்த தீ இருக்கிறது. தீ அளவோடு போக வேண்டும், அதுதான் விஷயமே. தரை ஆழமாக எரிந்துவிட்டால் கிழங்கும் சேர்ந்து போய்விடும்.

இதற்குத் தடை வந்த கதை நீளமானது. 1850-லேயே, கலிஃபோர்னியா மாநிலமாக ஆன வருஷமே, 'இந்தியர்களை நிர்வகிக்கவும் காக்கவும்' என்று பெயர் வைத்த ஒரு சட்டம் வந்தது. புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்று அதில் ஒரு பிரிவு. 1905-ல் அமெரிக்க வனத்துறை உருவாகிறது, முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. இந்த இடத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் குறுக்கே வருகிறார். பின்ஷோவுக்குக் குரு ஸ்தானத்தில் இருந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ், 1864-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக ஆன ஜெர்மானியர். காட்டை அரசு கையில் எடுப்பது, எல்லை போடுவது, தீயை உள்ளே விடாமல் காப்பது என்ற ஏற்பாடு இந்தியாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. காடு என்றால் மரம், மரம் என்றால் வருமானம், தீ என்றால் நஷ்டம். இந்தக் கணக்கில் கூடைக்கு இடமே இல்லை.

1910 ஆகஸ்ட் 20, 21. இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். பெரிய தீ என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். லூயிஸ் கரடிப்புல்லைப் பறித்த மலைகளுக்கு அக்கம்பக்கம்தான் அதெல்லாம். ஐந்து வயசே ஆகியிருந்த வனத்துறைக்கு அந்தச் சாவுகள் மனசில் ஆறாத காயமாக நின்றுவிட்டன. அப்போது மொன்டானாவில் அந்த வட்டாரத்து அதிகாரிகளில் ஒருவராக இருந்த ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ், பின்னாளில் துறைத் தலைவராகி, 1935-ல் 'காலை 10 மணிக் கொள்கை' கொண்டுவந்தார். எந்தத் தீயாக இருந்தாலும் தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால் சின்ன எச்சரிக்கைக்கும் பெரிய விபத்துக்கும் ஒரே எஸ்எல்ஏ. அந்த ஆளின் நிலைமை எனக்குப் புரிகிறது. தன் ஆட்கள் வெந்து செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நிதானமாக யோசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படி யோசிக்கத் தெரிந்தவர்களை அந்தத் துறை என்ன செய்தது என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

1916-ல் கிளமத் ரிவர் ஜாக் என்று கையெழுத்திட்ட பூர்வகுடி மனிதர் ஒருவர் கலிஃபோர்னியாவின் மீன், வேட்டைத் துறைக்குக் கடிதம் எழுதினார். வருஷா வருஷம் எரித்தால் தரையில் விழுந்த பழைய ஓக் கொட்டையோடு புழுவும் போய்விடும், எரிக்காவிட்டால் புழு ஒவ்வொரு வருஷமும் பெருகும் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். இதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1918-ல், அதே கிளமத் பகுதியின் ஆர்லீன்ஸ் சரக வனக் காவலர் தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கயோட்டி மாதிரி புதருக்குள் பதுங்கித் தீ வைப்பவர்களைக் கண்டால் சுட்டுவிட வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை. கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் காட்டைக் காப்பது என்ற கருத்தையே அந்தக் காலத்து வனவியலாளர்கள் 'பையூட் வனவியல்' என்று ஒரு பூர்வகுடியின் பெயரைச் சொல்லி நக்கலடித்தார்கள். 1944-ல் ஸ்மோக்கி பேர் வந்தார், தொப்பி போட்ட கரடி, காட்டுத் தீயைத் தடுக்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தைகள் எல்லாருக்கும் பாடம் எடுத்தவர். கரடிப்புல்லுக்கு வினையாக வந்ததும் ஒரு கரடிதான்.

மெல்லிய தீ நின்ற காட்டில் என்ன ஆகும்? ஓக் மரத்தடியில் டக்ளஸ் ஃபிர் கன்றுகள் நெருக்கியடித்து முளைத்து வெளிச்சத்தை மறைத்துவிடும். நிழலில் கரடிப்புல் சாகாது, ஆனால் பூப்பது குறையும், இலை கூடைக்கு ஆகாது. செடி இருக்கிறது, பொருள் இல்லை. கணக்கெடுப்பில் 'பரவலாகக் காணப்படுகிறது' என்றே வரும், அழிந்துவரும் பட்டியலில் எந்த நாளும் சேராது. கூடை பின்னும் பாட்டிகள் மட்டும்தான், இது அந்த இலை இல்லை என்று கையில் எடுத்ததுமே சொல்வார்கள். மரக்கம்பெனிகள் வெட்டி மறுநடவு செய்த இடங்களில் களைக்கொல்லி வேறு தெளித்தார்கள். பின்னும்போது ஈர இழையை வாயில் கவ்விப் பிடிப்பது வழக்கம் என்பதால் அது நேரே உடம்புக்குள் போகிற விஷயம். 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கூடை பின்னுவோர் சங்கமாகத் திரண்டபோது அவர்கள் முதலில் கையில் எடுத்த விஷயங்களில் களைக்கொல்லியும் ஒன்று.

இதே கதை நம் வாசலுக்கு ரொம்பப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. சத்தியமங்கலத்தை ஒட்டி இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் சருகை மட்டும் எரிக்கும் சின்னத் தீயைத் 'தரகு பெங்கி' என்பார்கள். 1970-களில் சரணாலயம் வந்து அது நின்றது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி ஏறி மூடிக்கொண்டது, நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகியது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தனியாக எழுத வேண்டிய விஷயம், எழுதுவேன்.

கரடிப்புல்லுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. கல்யாணப் பூங்கொத்துகளில் ரோஜாவுக்குப் பின்னால் நீளமாக, வளைந்து தொங்கும் பச்சைக் கீற்று பார்த்திருப்பீர்கள். பூ வியாபாரத்தில் அதன் பெயரும் பேர்கிராஸ்தான். வாஷிங்டன், ஆரிகன் காடுகளில் அனுமதிச்சீட்டு வாங்கி அறுக்கிறார்கள். அறுப்பவர்களில் பெரும் பகுதி லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் கம்போடியா, லாவோஸ் போன்ற நாடுகளிலிருந்தும் குடியேறிய ஏழைத் தொழிலாளிகள். ஐரோப்பா வரை ஏற்றுமதி. கூடைக்காரர் ஒரு கொத்தில் நடு இலைகளை மட்டும் உருவுவார், பூ வியாபாரத்துக்கு நீளமும் கரும்பச்சையும் வேண்டும், அளவும் மூட்டை மூட்டையாக வேண்டும். வனத்துறைக்கு இரண்டு பேரும் 'மரமல்லாத வனப்பொருள் சேகரிப்போர்' என்ற ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். எனக்கு அந்தக் கட்டமே தப்பாகப் படுகிறது. ஒருவர் அந்த இடத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வருகிறவர், மற்றவர் எடைக்குக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போக வேண்டிய நிலைமையில் இருக்கிறவர்.

துறை மாறாமல் இல்லை. 10 மணிக் கொள்கையை 1978-ல் கைவிட்டார்கள். 2012-ல் அமெரிக்க வனத்துறையே கரடிப்புல்லின் இயற்கை வரலாற்றையும் பண்பாட்டு வரலாற்றையும் சேர்த்து ஒரு முழு அறிக்கை போட்டது. அதற்குப் பிறகு இந்தச் செடியை ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஃபிராங்க் லேக் கரூக் வம்சாவளியினர், வனத்துறை ஆய்வாளர். கூடை பின்னுபவர்கள் சொல்லும் இலைத்தரத்தை ஒரு தரவாக எடுத்துக்கொண்டு, எந்தக் காட்டில் எத்தனை மரம், எவ்வளவு குப்பை இருந்தால் அந்தத் தரம் வருகிறது என்று அளந்து பார்த்த வேலைகளும் பின்னாடி வந்தன. பாட்டி கையில் எடுத்ததுமே சொன்னதை அளவுகோல் வைத்துச் சொல்ல இத்தனை வருஷம்.

இதற்கிடையில் அடக்கி வைத்த குப்பை பற்றிக்கொள்ளாமல் இருக்குமா? 2020 செப்டம்பரில் ஸ்லேட்டர் தீ கரூக் மக்களின் ஊரான ஹாப்பி கேம்ப்பில் புகுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. கரூக் பழங்குடி அமைப்பில் வேலை செய்பவர்கள் பலர் ஒரே நாளில் வீடில்லாதவர்கள் ஆனார்கள். அந்த மாதிரித் தீயில் கரடிப்புல்லின் கிழங்கும் தப்பாது.

2024-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. பழங்குடி அரசுகள் தங்கள் மூதாதையர் நிலத்தில் பண்பாட்டுத் தீ வைக்க, ஒவ்வொரு முறையும் மாநில அனுமதிக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அரசோடு அரசு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் அப்படி முதல் ஒப்பந்தம் போட்டது கரூக் மக்கள். 1850-க்கும் 2025-க்கும் இடையில் 175 வருஷம். ஆனால் அந்த ஒப்பந்தம் மாநிலத்தின் அனுமதிகளுக்குத்தான். கரூக் மூதாதையர் நிலத்தின் பெரும்பகுதி இன்றும் கிளமத், சிக்ஸ் ரிவர்ஸ் என்ற தேசிய வனங்களாக மத்திய அரசின் வனத்துறை கையில் இருக்கிறது. கரடிப்புல் நிற்கும் உயரமான முகடுகளில் பெரும்பாலானவை அதற்குள்தான் வருகின்றன. அங்கே ஒரு தீக்குச்சி கிழிக்க வேண்டுமென்றால் இப்போதும் துறையிடம்தான் பேச வேண்டும்.